எட்டரை மணிப் பந்தி

எட்டரை மணி என்று முடிவானதும் முதலில் கை தட்டியது நான்தான். தோற்றவர் முதலில் கை தட்ட வேண்டும் என்று மூன்று வருஷமாக என் வகுப்புப் பெண்களுக்கு நானே சொல்லிக்கொடுத்திருந்தேன். வாத்தியார் வேலையில் இருக்கிற பெரிய தொல்லையே இதுதான். வாய் சும்மா இருக்காமல் எதையாவது சொல்லிவிடும். பிறகு எல்லோர் முன்னாலும் அதைச் செய்து காட்ட வேண்டியிருக்கும்.

"மேமுக்கு டெபாசிட் போச்சு!" என்று சங்கரி பெஞ்சைத் தட்டினாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். உள்ளே என்னவோ போல் இருந்தது.

விஷயம் வெளியே சொன்னால் சின்னது. அரசியல் அறிவியல் துறையின் கடைசி வகுப்பு அது. எங்கள் மகளிர் கல்லூரியில் இந்தப் பாடத்துக்குச் சேருகிறவர்கள் வருஷத்துக்கு வருஷம் குறைந்து, பதினோரு பெண்களில் வந்து நின்றது. இனிமேல் சேர்க்கை இல்லை என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. ஜூன் மாதத்திலிருந்து நான் வணிகவியல் மாணவிகளுக்குப் பொது அறிவு நடத்த வேண்டும். அதை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும், அதை விடுங்கள். தேர்வு முடிந்த மறுநாள் எல்லோரும் சேர்ந்து ஒரு வேளை சாப்பிடலாம் என்று பெண்கள் ஆசைப்பட்டார்கள். பிள்ளையார்பாளையத்தில் சங்கரி வீட்டில். சமையல் அவள் அம்மா கமலாட்சி. எத்தனை மணிக்கு என்பது மட்டும்தான் பாக்கி.

பலகையில் இரண்டு நேரம் எழுதினேன். மாலை ஐந்து, இரவு எட்டரை. "கை தூக்குங்க. எனக்கும் ஒரு ஓட்டுதான், உங்களுக்கும் ஒரு ஓட்டுதான்" என்றேன். ஐந்துக்கு என் கை ஒன்றுதான் எழுந்தது.

எட்டரைக்குக் காரணம் ஊருக்கே தெரியும். முகூர்த்தக் காலம். பெண்களில் பாதிப் பேர் மதியம் வகுப்பு முடிந்ததும் காந்தி ரோட்டுப் பட்டுக்கடைகளில் புடவை விரித்துக் காட்டப் போகிறவர்கள். எட்டு மணிக்கு முன்னால் எந்த முதலாளியும் விடமாட்டார். சங்கரியோ அப்பாவின் தறியில் பக்கத்தில் உட்கார்ந்து புடவைக் கரைக்கு நூல் ஓட்டும் நாடாவைத் தள்ளுகிறவள். அவள் எழுந்தால் தறி நிற்கும்.

ஐந்துக்கு என் காரணம் யாருக்கும் தெரியாது. நான் சொல்லவில்லை.

நான் சமண வீட்டுப் பெண். எங்கள் ஊர் வந்தவாசிப் பக்கம். பொழுது சாய்ந்த பிறகு நாங்கள் சாப்பிடுவதில்லை. இருட்டில் சோற்றில் எந்தப் பூச்சி விழுந்தது என்று தெரியாமல் ஓர் உயிரைத் தின்றுவிடக் கூடாது என்று என்றைக்கோ ஏற்பட்ட வழக்கம். எங்கள் தெருவில் அது ஒரு செய்தியே இல்லை. ஆறு மணிக்கு எல்லா வீட்டிலும் பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்கும், அவ்வளவுதான். காஞ்சிபுரத்துக்கு வந்த பிறகுதான் அது ஒரு விசேஷமாக ஆகிவிட்டது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் வீட்டுக்கார அம்மாவின் மகன் கல்யாண வரவேற்பு. "நான் ராத்திரி சாப்பிடறதில்லைங்க" என்று ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்தேன். மண்டபமே என்னைச் சுற்றிக் கூடிவிட்டது. ஒருவர் பாலுக்கு ஆள் அனுப்பினார். இன்னொருவர் வாழைப்பழத்தோடு வந்தார். ஒரு பெரியம்மா, "ஒரு நாளைக்கு சாமி ஒண்ணும் கோச்சுக்காதும்மா" என்று கன்னத்தைத் தடவினார். மாப்பிள்ளையே மேடையிலிருந்து இறங்கி வந்து விசாரித்தார். எல்லோரும் நல்லவர்கள். நான்தான் குறுகிப்போனேன். அன்றிலிருந்து யார் ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாலும் என் பதில் ஒன்றுதான்: வயிறு சரியில்லை. பெண்கள் என் முதுகுக்குப் பின்னால் 'வயிறு மேம்' என்று சொல்வதும் எனக்குத் தெரியும்.

ஆனால் ஆசை இல்லாமல் போகுமா? இந்த ஊரில் மனிதர்கள் ஒருவரோடு ஒருவர் சேருவதே ராத்திரி எட்டு மணிக்குமேல்தான். தறியை விட்டு எழுந்து, கடையைப் பூட்டி, கோயிலில் தீபாராதனை பார்த்துவிட்டு, அப்புறம் உட்காருகிறார்கள். என் அறைக்கு எதிர்வீட்டு மாடியில் தினமும் தட்டு வைக்கிற சத்தம் கேட்கும். யாரோ யாரையோ அதட்டுவார்கள், யாரோ சிரித்துப் புரையேறுவார்கள். நான் ஐந்தரைக்கே தனியாகச் சாப்பிட்டு முடித்து, வாய் கொப்பளித்துவிட்டு, விடைத்தாள் திருத்திக்கொண்டு அதைக் கேட்பேன். திருமணம் ஆகவில்லை என்று நான் ஏங்கியதில்லை. யாராவது என் இலையைப் பார்த்து "இன்னும் கொஞ்சம் வெச்சுக்கோ" என்று சொல்லமாட்டார்களா என்று ஏங்கியிருக்கிறேன். இந்தப் பதினோரு பெண்களோடு ஒரே வரிசையில் ஒரே ஒரு தடவை. அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. முடிந்தால் துர்கா பக்கத்தில்.

துர்கா ஐயம்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வருவாள். முதல் மணிநேரம் தூங்கி வழிவாள். வகுப்பே ஆமாம் ஆமாம் என்று தலையாட்டும்போது கண்ணைத் திறந்து ஒரு கேள்வி கேட்பாள். அந்த ஒரு கேள்விக்காகவே நான் முந்தின நாள் ராத்திரி பாடம் தயார் செய்வேன்.

அந்தப் பருவத்தில் நாங்கள் படித்தது ஒரு பிரெஞ்சுக்காரரின் எழுத்தை. ஏறக்குறைய இருநூறு வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவுக்குக் கப்பலேறிப் போய், ராஜா இல்லாமல் ஜனங்கள் எப்படிக் காலம் தள்ளுகிறார்கள் என்று ஊர் ஊராகப் பார்த்துவிட்டு வந்து எழுதினவர். பாடத்திட்டத்தில் அவருக்கு அரைப் பக்கம்தான். நான் பிடிவாதமாக அவருடைய அத்தியாயங்களையே தமிழில் சொல்லி நடத்தினேன். பெண்கள் அவரைப் 'பிரெஞ்சு மாமா' என்றார்கள். பெரும்பான்மையின் பலத்தைப் பற்றி அவர் பயந்து எழுதுகிற இடம் வந்தது. நான் என் வழியில் சொன்னேன்: ஊரே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டால் அந்தப் பக்கம் இல்லாதவனை யாரும் அடிக்க வேண்டியதில்லை; அவனே வாயை மூடிக்கொள்வான்; பார்க்கிறவர்களுக்கு எல்லோரும் ஒத்துப்போன மாதிரியே இருக்கும்.

துர்கா கண்ணைத் திறந்தாள். "அப்போ, கம்முனு இருக்கறவன எப்படி மேம் கண்டுபுடிக்கிறது? சந்தோஷமா இருக்கறவனும் கம்முனுதான் இருக்கான்."

"கேட்டுப் பாக்கணும்" என்றேன். "கைய எண்றதுக்கு முன்னாடி, ஏன்னு கேக்கணும்." சபாஷ் நிரஞ்சனா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அடுத்த பத்திக்குப் போனேன். அதற்கு அடுத்த வாரம்தான் அந்தக் கை தூக்கல்.

ஏன் சொல்லவில்லை என்று அன்று ராத்திரி என்னையே கேட்டுக்கொண்டேன். சொன்னால் உடனே மாற்றிவிடுவார்கள். நியாயத்துக்காக அல்ல, டீச்சர் என்ற மரியாதைக்காக. அப்புறம் எதற்கு அந்த ஆளுக்கு ஒரு ஓட்டு நாடகம்? ஐந்து மணி என்றால் பட்டுக்கடையில் நிற்கிற துர்காவால் வரவும் முடியாது. அவளில்லாத பந்தி எனக்கு எதற்கு? இப்படியெல்லாம் அழகாகக் காரணம் கண்டுபிடித்தேன். உண்மையில், மறுபடி எல்லோரும் சுற்றி நின்று வாழைப்பழம் நீட்டுவார்களோ என்ற பயம்தான்.

நடுவில் ஒரு நாள், ஒரு வேளைதானே, சாப்பிட்டுவிட்டால் என்ன என்றும் தோன்றியது. அம்மா கனகமாலா தினமும் ஐந்தே முக்காலுக்குப் போன் செய்வார். "சாப்ட்டியாம்மா?" அந்த ஒரு கேள்விதான். பதிலைக் கேட்டதும் வைத்துவிடுவார். அன்றைக்கு மட்டும் நான், "ஒரு நாள் ராத்திரி சாப்ட்டா என்னம்மா ஆகும்?" என்றேன்.  "ஒண்ணும் ஆகாது. உனக்கு இறங்கினா சாப்பிடு" என்றார். திட்டியிருந்தால் தேவலை. போய் உட்காருவோம், இலையில் கையளைந்துகொண்டிருப்போம், பெண்கள் பேச்சில் கவனிக்கமாட்டார்கள் என்று முடிவு செய்தேன்.

சங்கரி வீட்டில் கூடத்தில் பாதிக்குத் தறி. நெய்துகொண்டிருந்த அரக்குப் புடவையின்மேல் பழைய வேட்டியைப் போர்த்தி, மீதி இடத்தில் பாய் விரித்திருந்தார்கள். சங்கரியின் அப்பா, "பொம்பளப் புள்ளைங்க பேசிக்கினு சாப்புடட்டும்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். எட்டே காலிலிருந்து ஒவ்வொருத்தியாக வந்தார்கள். நாள் முழுக்க நின்ற கால்கள். வந்ததும் சுவரில் சாய்ந்து பாதத்தைப் பிடித்துக்கொண்டார்கள். கடைசியாகத் துர்கா வந்தாள். அன்றோடு கடை வேலைக்கு முழுக்குப் போட்டுவிட்டாள். மறுநாள் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் சேருகிறாள், அங்கேயே ஹாஸ்டல், காலை ஐந்து மணிக்குப் பஸ் ஸ்டாண்டில் வேன் என்று மூச்சுவிடாமல் சொல்லிவிட்டு என் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்தாள். நான் கேட்காமலே.

கமலாட்சி அம்மாள் பரிமாறினார். கத்திரிக்காய்க் காரக்குழம்பின் வாசனை மூக்கைத் துளைத்தது. வடை, அப்பளம், சேமியா பாயசம். எல்லா இலையும் நிறைந்தன. யாரும் தொடவில்லை.

"டீச்சரம்மா மொதல்ல கை வெக்கட்டும்" என்றார் கமலாட்சி அம்மாள். "எங்கூட்டுல விருந்துக்கு வந்தவங்க ஆரம்பிச்சாத்தான் மத்தவங்க தொடுவோம்."

இதை நான் யோசிக்கவே இல்லை. பதினோரு முகமும் என்னைப் பார்த்தன. மத்தியானம் ஒரு டீயோடு நின்ற பெண்கள். ஒருத்தி எச்சில் விழுங்கியது எனக்குக் கேட்டது. சோற்றைப் பிசைந்தேன். ஒரு வாய் எடுத்தேன். கை பாதி வழி வந்தது, அதற்குமேல் வரவில்லை. சாமிக்குப் பயந்து இல்லை. எங்கள் வீட்டு அடுப்பு அணைந்து மூன்று மணி நேரம் ஆகியிருக்கும் என்று தோன்றியது. அவ்வளவுதான். உருண்டையை இலையிலேயே வைத்தேன்.

"வயிறு சரியில்ல. நீங்க சாப்பிடுங்க."

"அதெப்படி மேம், நீங்க சாப்பிடாம?" என்றாள் ஒருத்தி. யாரும் தொடவில்லை.

துர்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "காலைல லைப்ரரி புக்கத் திருப்பிக் குடுக்க வந்தப்ப கேண்டீன்ல ரெண்டு மெதுவடை சாப்டீங்க. அப்ப நல்லாத்தான இருந்துச்சு வயிறு? இன்னா மேம்?"

ஒரு மனுஷி பதினோரு பேரின் சோற்றை நிறுத்திவைத்திருக்கிறாள். அதற்குமேல் மறைக்க வெட்கமாக இருந்தது. சொன்னேன். எங்கள் ஊர், எங்கள் வழக்கம், கல்யாண மண்டபம், எல்லாம். சொல்லி முடித்ததும் கமலாட்சி அம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஐயோ, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதாம்மா? நான் பாட்டுக்குப் பன்னெண்டு எலையப் போட்டுக்கினு..."

"அதனாலதான் அன்னைக்கு அஞ்சுக்குக் கை தூக்கினீங்களா?" என்றாள் துர்கா. அவள் குரல் ஏறியது. "நாங்க உங்களக் கிண்டல் பண்ணிச் சிரிச்சோம். நீங்களும் சிரிச்சீங்க. மூணு வருஷமா பேசு பேசுன்னு எங்க உயிர எடுத்தீங்க. நீங்க ஏன் மேம் பேசல?"

 நான் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"காலைல வெச்சிருக்கலாமே" என்றாள் சங்கரி, யாரிடமும் இல்லாமல். "ஏழு மணிக்கு எந்தக் கடை தொறக்குது? எங்கப்பாவும் தறியில எட்டு மணிக்குத்தான் உக்காருவாரு."

 பலகையில் நான் எழுதியது இரண்டே நேரம். மூன்றாவதாக ஒன்று இருக்கலாம் என்று எனக்கும் தோன்றவில்லை, அவர்களுக்கும் தோன்றவில்லை. ஏன் ஐந்து என்று யாரும் என்னைக் கேட்கவில்லை, எட்டரையை விட்டால் வேறு வழி உண்டா என்று நானும் கேட்கவில்லை. கையை எண்ணினோம், முடிந்தது. கேட்டிருந்தால் அரை நிமிஷ வேலை. எல்லோரும் சேர்ந்து, வெளிச்சத்தில், இட்லி சாப்பிட்டிருக்கலாம்.

சங்கரிக்கு எதையும் ஆறப்போடத் தெரியாது. "சரி, இப்ப இன்னா? நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு இங்கயே. அம்மா, இட்லிக்கு மாவு இருக்குதுல்ல? எல்லாரும் கை தூக்குங்க."

கைகள் எழுந்தன. மஞ்சள் கறை படிந்த சுவருக்கு எதிரே வரிசையாகப் பத்துக் கைகள்.  இவ்வளவு நாள் ஏங்கியது காலை ஏழு மணிக்கு என் கைக்கு வந்துவிட்டது. தூக்கப் போனேன். பக்கத்தில் துர்காவின் கை மடியிலேயே இருந்தது.

ஐந்து மணி வேன்.

நான் கையை இறக்கினேன். "வேணாம். துர்காவுக்கு வேன் இருக்கு. அவ இல்லாம வேணாம்."

"மேம், என்னைய வெச்சு ஆரம்பிக்காதீங்க" என்றாள் துர்கா. கோபத்தில் கண் கலங்கியிருந்தது. "எனக்கு உங்ககூட ஒக்காந்து சாப்பிடணும். ரொம்ப ஆசை. அதுக்காகத்தான் ஓடியாந்து இந்த எலையில ஒக்காந்தேன். நாளைக்கு முடியாது. ஒரு நாள் லேட்டா போனா அந்த எடத்துக்கு வேற ஆள் நிக்குது. அவ்ளோதான். தோத்துட்டேன். ஆனா நான் வாயத் தொறந்து சொல்லிட்டுத் தோக்கறேன், உங்கள மாதிரி இல்ல." சொல்லிவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்து உயரத் தூக்கினாள். "சங்கரி, பதினொண்ணுன்னு எழுதிக்க."

யாரும் சிரிக்கவில்லை. முதன்முதலாக, ஒளிவுமறைவு இல்லாமல், நானும் என் ஆசையைச் சொன்னேன். "எனக்கும் உங்கூட சாப்பிடணும்னுதான் ஆசை துர்கா. உங்கூடத்தான்."  

"தெரியும் மேம்" என்றாள். பிறகு இலையைப் பார்த்தாள். "பசிக்குது."

நான் எழுந்தேன். என் இலையை எடுத்து ஓரமாக வைத்தேன். கமலாட்சி அம்மாளிடம் கரண்டியைக் கேட்டு வாங்கினேன். "நான்தான் விருந்தாளி. சாப்பிடுங்க எல்லாரும்" என்று அதட்டினேன். அதட்டத்தான் எனக்கு நன்றாக வரும். பெண்கள் பாய்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் கூடம் முழுக்கச் சத்தம். ஒருத்தி இன்னொருத்தி இலையிலிருந்து வடையைப் பிடுங்கினாள். சங்கரிக்குச் சிரித்துப் புரையேறியது. நான் நடுவில் நின்றுகொண்டு குழம்பு ஊற்றினேன். எதிர்வீட்டு மாடிச் சத்தம் என்று இவ்வளவு நாளும் கேட்டுக்கொண்டிருந்தது இதுதான். இப்போது அதற்குள்ளேயே நின்றுகொண்டிருந்தேன், வெறும் வாயோடு.

ஒவ்வொருத்தியாகச் சாப்பிட்டு முடித்தார்கள். பந்தியில் கடைசி ஆள் முடிக்கும்வரை யாரும் எழக் கூடாது. கடையில் பத்து நிமிஷத்தில் நின்றபடி டிபன் பாக்ஸைக் காலி செய்து பழகின துர்கா, அன்றைக்கு ஒவ்வொரு பருக்கையாகச் சாப்பிட்டாள். மற்றவர்கள் கை காய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். யாரும் அவளைச் சீக்கிரம் என்று சொல்லவில்லை.

நான் அவள் எதிரில் சம்மணமிட்டு உட்கார்ந்தேன். "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தவா?"

"ஊத்துங்க மேம்."

ஊற்றினேன். சாதம் வைத்தேன். மோர் விட்டேன். பாயசப் பாத்திரத்தைச் சாய்த்து வழித்து ஊற்றினேன். அவள் வயிறு நிறைந்து வெகு நேரம் ஆகியிருக்க வேண்டும். போதும் என்று அவள் சொல்லவே இல்லை.